தைப்பூசம் வரை தள்ளிப்போட்ட பல்

முதலில் என் கையெழுத்துக்கும் எழுத்துப் பிழைகளுக்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். நான் படித்தது தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான். அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் மூட்டைகளின் மேல் மல்லி, மிளகாய், சீரகம் என்று எழுதியதுதான். டாக்டர்களின் கையெழுத்து என்னுடையதைவிட மோசம். அவர்கள் யாரும் மன்னிப்புக் கேட்டு நான் பார்த்ததில்லை. ஆனால் அவர்கள் பெரிய படிப்புப் படித்துவிட்டுக் கிறுக்குகிறார்கள். நான் படிக்காமலேயே கிறுக்குகிறேன். அதனால் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் வாசகர் வட்டத்தில் ஆளுக்கு ஓர் அனுபவம் எழுதி வரச் சொன்னார்கள். ஒருவர் காசிக்குப் போய் வந்ததை எழுதினார். இன்னொருவர் யூனியன் தேர்தலில் நின்று தோற்றதை எழுதினார். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டு வருகிறவன். எழுதும்படியாக என்னிடம் இருந்தது ஒரு பல்தான். இப்போது அதுவும் இல்லை.

ஜார்ஜ்டவுனில் ஒரு மாவு மில்லில் வேலை செய்கிறேன். வீடுகளிலிருந்து மசாலாச் சாமான்களை வறுத்துக் கொண்டுவருவார்கள், நாங்கள் அரைத்துக் கொடுப்போம். இயந்திரம் ஓடும் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. என்னைப் போன்ற கூச்ச சுபாவக்காரனுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடையாது. என் கூச்சம் எப்படிப்பட்டது என்றால், யாராவது எதையாவது கேட்டால் எனக்கு 'இல்லை' என்று சொல்ல வராது. தலை தானாக ஆடிவிடும். இந்த அனுபவத்துக்கு அது முக்கியம் என்பதால் முதலிலேயே சொல்லிவைக்கிறேன்.

போன வருஷக் கடைசியில் வலப்பக்கம் கீழே, கடைவாய்ப் பல் வலிக்க ஆரம்பித்தது. முதலில் நான் யாரிடமும் சொல்லவில்லை. இடப்பக்கமாகவே மென்று காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கன்னம் வீங்கிவிட்டது. கன்னத்தை மறைக்க வழியில்லை.

எனக்குப் பல்வலி என்று தெரிந்த மறுநாளே எங்கள் அடுக்குமாடியில் எல்லோரும் பல் டாக்டர்கள் ஆகிவிட்டார்கள். மேல்மாடி அக்கா உப்புத்தண்ணீர் என்றார். கீழ்வீட்டுச் சீன அங்கிள் தர்பூசணியிலிருந்து செய்தது என்று சொல்லி ஒரு வெள்ளைப் பொடியைக் கொடுத்தார். மில்லுக்கு வந்தவர்கள் எல்லோரும் ஒரே குரலில் கிராம்பு வைக்கச் சொன்னார்கள். கிராம்பை மூட்டை மூட்டையாக அரைக்கிறவனிடம் வந்து சொன்னார்கள். என் சட்டை, தலைமயிர், சாப்பாட்டு டப்பா எல்லாவற்றிலும் கிராம்பு வாசம்தான். பல் ஒன்றுக்குத்தான் அது எட்டவில்லை.

மருந்தோடு ஆளுக்கு ஒரு கதையும் கொடுத்தார்கள். பல் பிடுங்கும்போது நாற்காலியிலேயே மயங்கியவர் கதை. நல்ல பல்லைக் கொடுத்துவிட்டுச் சொத்தைப் பல்லோடு வீடு திரும்பியவர் கதை. பாயான் பாருவில் யாரோ ஒருவருக்கு வாய் கோணிப்போய் அப்படியே நின்றுவிட்ட கதை. அந்தப் பாயான் பாருக்காரரை நேரில் பார்த்தவர் யாரும் இல்லை. ஆனால் அவருடைய வாய் எந்தப் பக்கம் கோணியது என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கடைசியில் என் மனைவிதான் முடிவுகட்டினாள். அவள் ஒரு பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைக்கிறாள். முந்நூறு பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்துப் பழகியவள்.

"அந்தப் பல்ல இன்னும் எத்தன நாளைக்கு வச்சிக் கும்பிடப் போறீங்க? கெளம்புங்க."

"வலி கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு."

"கண்ணாடில பாருங்க. பாதி மூஞ்சி உங்களுது, பாதி யாருதுன்னே தெரியல."

அரசாங்கப் பல் மருத்துவமனையில் காத்திருக்கும் இடம் குளிர்சாதனம் போட்டு நன்றாகவே இருந்தது. சுவரில் ஒரு பெரிய படம். அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள், நாலு பேரும் எல்லாப் பற்களும் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதற்குக் கீழே உட்கார்ந்திருந்த எங்களில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. எல்லோரும் வாயை மூடிக்கொண்டு, கதவுக்கு மேலே ஒளிரும் வரிசை எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தோம். மற்ற இடங்களில் தன் எண் எப்போது வரும் என்று அவசரப்படுவார்கள். இங்கே, பக்கத்திலிருந்த ஒரு தடித்த மனிதர் தன் எண் வந்ததும் கழிவறைக்குப் போய்விட்டார். அவர் திரும்பி வந்ததை நான் பார்க்கவில்லை. அந்த யோசனை எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வருந்தினேன்.

என் எண் வந்தது. மனைவி எழுந்தாள், நானும் எழுந்தேன். உள்ளே நோயாளி மட்டும்தான் போகவேண்டும். ஆனால் நான் அவளுடைய கைப்பையின் வாரைப் பிடித்திருந்தேன். விடவில்லை. அதனால் அவளும் உள்ளே வந்தாள்.

டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண். எனக்கு ஒரு மகள் இருந்திருந்தால் அந்த வயதுதான் இருக்கும். தலையில் முக்காடு, முகத்தில் மூடி, கண்கள் மட்டும் தெரிந்தன. நல்ல கண்கள். மலாயில்தான் பேசினோம். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன். என்னை அவர் 'பாக்சிக்' என்று கூப்பிட்டார், நாம் அங்கிள் என்று சொல்கிற மாதிரி.

"பாக்சிக், இந்தப் பல்லக் காப்பாத்த முடியாது. எடுத்துடலாம். இன்னிக்கே முடிச்சிடலாம், சின்ன வேலதான்."

நான் தலையாட்டினேன். பக்கத்தில் நின்ற தாதி ஒரு தட்டைக் கொண்டுவந்து வைத்தாள். தட்டில் இருந்ததை நான் பார்த்திருக்கக்கூடாது. மற்ற சாமான்களை எங்கள் மில்லில் இயந்திரம் கழற்றும்போது பார்த்திருக்கிறேன், அவற்றோடு எனக்குப் பகை இல்லை. அந்த ஊசிதான். அது கையில் போடும் ஊசி மாதிரி இல்லை. நீளமாக, இரும்பில், கொக்கு ஒன்று என்னைப் பார்த்துக் கழுத்தை நீட்டுகிற மாதிரி இருந்தது.

எங்கேயாவது பார்ப்போம் என்று சுவரைப் பார்த்தேன். புது வருஷ நாள்காட்டியை அப்போதே மாட்டியிருந்தார்கள். பன்னிரண்டு மாதமும் ஒரே தாளில், விடுமுறை நாட்கள் சிவப்பில். பிப்ரவரியில் தைப்பூசம் சிவப்பாகத் தெரிந்தது.

"டாக்டர், நான் புவாசா" என்றேன்.

நோன்பு என்பதற்கு நாங்கள் இங்கே மலாயில் சொல்லும் வார்த்தை அதுதான். அந்த வார்த்தை என் வாயிலிருந்து எப்படி வந்தது என்று எனக்கே தெரியாது. அன்று காலையில்கூட நெத்திலி சம்பலோடு நாசி லெமாக் என்கிற தேங்காய்ப்பால் சோறு சாப்பிட்டிருந்தேன்.

டாக்டரின் கை அப்படியே நின்றது. மலாய்க்காரர்களிடம் நோன்பு என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் சந்தேகப்பட மாட்டார்கள். உலகத்தில் வேறு எந்த ஊர்ப் பல் டாக்டரிடமும் இந்தச் சாக்குச் செல்லுமா என்று தெரியவில்லை. பினாங்கில் செல்லும்.

"தைப்பூசத்துக்கா, பாக்சிக்? தண்ணி குடிக்கலாமா? மாத்திர போட்டுக்கலாமா?" என்று கவலையாகக் கேட்டார்.

"மாத்திர போடலாம் டாக்டர். ரத்தம்தான் வரக்கூடாது."

அப்படி ஒரு விதி இருக்கிறதா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"பரவால்ல, பரவால்ல. வீக்கத்துக்கு மாத்திர தரேன். தைப்பூசம் முடிஞ்சி வாங்க." அவர் தட்டைத் தள்ளி வைத்தார். நான் மூச்சுவிட்டேன்.

அதோடு நின்றிருந்தால் நான் தப்பித்திருப்பேன். தாதி விடவில்லை. "காவடியா, பாக்சிக்?" என்றாள். என் தலை ஆடியது. அவள் தன் ஒரு கன்னத்திலிருந்து இன்னொரு கன்னத்துக்கு விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினாள். "இப்படிக் குத்திக்குவாங்களே, அதுவுமா?" என் தலை மறுபடியும் ஆடியது.

"அப்போ இந்த ஊசியெல்லாம் பாக்சிக்குக் கொசுக்கடி" என்றாள்.

இரண்டு பேரும் என்னை ஒரு வீரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். என் வாழ்நாளில் என்னை அப்படி யாரும் பார்த்ததில்லை. நான் கொஞ்சம் நிமிர்ந்துகூட உட்கார்ந்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் கைப்பையின் வார் என் கையில் இருப்பதும், அந்த வாருக்கு மறுமுனையில் என் மனைவி நிற்பதும் ஞாபகம் வந்தது.

 அவள் வீட்டுக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸிலிருந்து இறங்கி, பாசார்ச் சந்தையில் கீரையும் தவு என்கிற சோயாக் கட்டியும் கத்திரிக்காயும் வாங்கினாள். வீட்டுக்கு வந்ததும் மீன் குழம்புச் சட்டியைத் தேய்த்துக் கழுவி அலமாரியின் மேல் கவிழ்த்தாள். குளிர்பெட்டியிலிருந்த கோழியை எடுத்து மேல்மாடி அக்காவிடம் கொடுத்துவிட்டு வந்தாள்.

"அது நாளைக்கு வைக்கிற கோழியாச்சே" என்றேன்.

"சாமி பேரச் சொல்லிட்டீங்க. இனிமே தைப்பூசம் வரைக்கும் இந்த வீட்டுல கவிச்சி கிடையாது."

அவள் முகத்தில் கோபம் இல்லை. சிரிப்பும் இல்லை. எனக்கு அந்த முகத்தைப் படிக்கத் தெரியவில்லை. பிறகு கைப்பேசியை எடுத்துத் தன் தம்பியைக் கூப்பிட்டாள். அங்கேதான் என் பல் என் கையைவிட்டுப் போயிற்று.

என் மச்சான் பினாங்குப் பாலத்துக்கு அக்கரையில் ஜுருவில் கார்களுக்குச் சாயம் அடிக்கும் பட்டறை வைத்திருக்கிறான். ஆண்டுதோறும் தைப்பூசத்துக்கு ஒரு காவடிக் குழுவையும் நடத்துகிறான். இரண்டையும் ஒரே மாதிரிதான் நடத்துவான். அந்த ஞாயிற்றுக்கிழமையே பாலத்தைக் கடந்து எங்கள் வீட்டுக்கு வந்து, என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். நான் பதறிப்போனேன்.

"மச்சான், இத்தன வருஷமா உங்கள சும்மா நெனச்சிட்டேன். வாயத் தொறக்காத மனுஷன், உள்ள இவ்ளோ பக்தியா?"

"பால்குடம் எடுக்கலாம்னு பாக்கறேன்" என்றேன் மெதுவாக.

"பால்குடம்லாம் எப்பவும் எடுக்கலாம்லா. அக்கா சொன்னுச்சி, டாக்டர்கிட்டயே கன்னத்துல அலகுன்னு சொல்லிட்டீங்களாமே."

என் மனைவியைப் பார்த்தேன். அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நான் சொல்லல. தலைதான் ஆடிச்சி."

"அதான் மச்சான், முருகன் உத்தரவு" என்றான் அவன்.

அதன்பிறகு வாரம் ஒருமுறை வந்தான். கைப்பேசியில் காவடிப் படங்களைக் காட்டுவான். கார் வாங்க வந்தவனிடம் பேசுவதுபோல, இது சாதா, இது மயில் தோகையோடு, இது விளக்கு வைத்தது, சாயம் நம் பட்டறையிலேயே அடித்துக்கொள்ளலாம், வெய்யிலில் மின்னும் என்பான். குழுவுக்கு மஞ்சள் சட்டை தைக்கக் கொடுத்திருந்தான். முன்னால் வேலும் மயிலும், முதுகில் கார் மெழுகு விற்கும் கடையின் விளம்பரமும் இருந்தன. உருமி மேளக்காரர்களை நிபோங் திபாலிலிருந்து பேசி வைத்திருந்தான். அலகு குத்தும் நேரத்தை முகநூலில் நேரலையாகக் காட்டப்போவதாகச் சொன்னான். "நீங்கதான் இந்த வருஷம் புது ஆளு. உங்க மூஞ்சியத்தான் கிட்டக்க காட்டணும்."

நான் ஒன்றை ஒத்துக்கொள்ள வேண்டும். அந்த வாரங்களில் எனக்குக் கிடைத்த மரியாதை பிடித்திருந்தது. மில்லில் எல்லோரும் என்னைச் 'சாமி' என்று கூப்பிட்டார்கள். முதலாளி தானாகவே விடுமுறை தந்தார். கீழ்வீட்டுச் சீன அங்கிள் மின்தூக்கியில் என்னைப் பார்த்தால் கைகூப்பினார், தன் தேங்காய்களை நான் போகிற வழியில் உடைப்பதாகச் சொன்னார். இத்தனை வருஷம் நான் அந்த மின்தூக்கியில் ஏறி இறங்கியதை யாரும் கவனித்ததில்லை. கன்னம் வீங்கியபோது பரிதாபப்பட்டவர்கள், கன்னத்தில் குத்தப்போகிறேன் என்றதும் வழிவிட்டார்கள்.

மாத்திரையில் வீக்கம் வடிந்து, வலி கொஞ்ச நாள் அடங்கியிருந்தது. பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. நானும் படுத்துக்கொண்டு யோசித்தேன். ஓர் ஊசிக்குப் பயந்து கன்னத்தை வேலுக்குக் கொடுத்திருக்கிறேன். அதுவும் டாக்டரின் ஊசி மரத்துப்போக வைக்கிற ஊசி. அடுத்த முறை மச்சான் வந்தபோது கேட்டுவிட்டேன்.

"அலகு போடறதுக்கு முன்னாடி மரத்துப்போற மருந்து எதாச்சும் தடவுவாங்களா?"

"மருந்தா? அருள் வந்தா வலியே தெரியாது மச்சான்."

"வரலேன்னா?"

"உருமி அடிச்சா வராமயா போயிடும்? நிபோங் திபால் செட்டுலா."

"எனக்குச் சத்தம் பழகிப்போச்சி. மில்லுல வேல."

அவன் இதை நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தான்.

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர்களை நான் கிண்டல் செய்யவில்லை. சின்ன வயதிலிருந்து தண்ணீர்ப் பந்தலில் நின்று பார்த்திருக்கிறேன். பிள்ளை பிழைத்ததற்கும், வழக்கு முடிந்ததற்கும், கேட்டது கிடைத்ததற்கும் எடுக்கிறவர்கள் முகத்தில் வலி இருக்காது. அவர்களுக்கு நம்பிக்கை இருந்தது. என்னிடம் பல் மட்டும்தான் இருந்தது.

தைப்பூசத்துக்கு முந்திய வாரம், புதன்கிழமை மாலை, ஜுரு பட்டறையில் குழுவுக்குப் பூசை. கார்களைத் தள்ளி நிறுத்திவிட்டு, சாய வாசனைக்கு நடுவே சாம்பிராணி போட்டார்கள். அலகு குத்துகிறவர் வந்திருந்தார். அவரைக் 'குரு' என்பார்கள். மற்ற நாட்களில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரம் பழுது பார்க்கிறார். மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர். அவர் ஒவ்வொருவருடைய கன்னத்தையும் பிடித்துப் பார்த்துக்கொண்டே வந்தார். என் முறை வந்தது.

"வாயத் தொறங்க."

திறந்தேன். டாக்டருக்குப் பெரிய விளக்கு இருந்தது. இவர் கைப்பேசி விளக்கைப் போட்டார். வலப்பக்கக் கன்னத்தை விரலால் ஒரு அழுத்து அழுத்தினார். என் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது.

"அருள் வந்துடுச்சி" என்றான் மச்சான்.

"அருள் இல்லலா, சீழு" என்றார் குரு. "இந்தக் கன்னத்துல நான் கை வைக்க மாட்டேன். யாருய்யா இவரக் கொண்டாந்தது? மொதல்ல பல்லப் புடுங்கச் சொல்லு."

முருகன் நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது எனக்கு. ஆனால் மச்சான் கார்ச் சாயம் அடிக்கிறவன், வாடிக்கையாளரை அவ்வளவு சுலபமாக விடமாட்டான்.

"குருவே, அப்போ நாக்குல போட்டா?"

குரு என்னை மறுபடியும் பார்த்தார். "நாக்குன்னா... பல்லு உள்ளயே இருந்தா வலிதான். ஆனா போடலாம். புடுங்கிட்டாத்தான் ஒண்ணும் போடமுடியாது, புண்ணு ஆறணும்."

அந்தக் கடைசி வாக்கியம் ஒன்றுதான் என் காதில் விழுந்தது. பல்லைப் பிடுங்கிவிட்டால் ஒன்றும் போடமுடியாது. திரும்பி வரும்போது பாலத்தின் மேல், மச்சான் நாக்கு அலகைப் பற்றி விளக்கிக்கொண்டே காரை ஓட்டினான். நான் தலையாட்டிக்கொண்டே, காலையில் மருத்துவமனை எத்தனை மணிக்குத் திறப்பார்கள் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மில்லுக்குப் போவதாகச் சொல்லிவிட்டு நேராக மருத்துவமனைக்குப் போனேன். கதவு திறக்கும்முன் நின்றேன். பல் பிடுங்க முதல் ஆளாக வரிசையில் நின்றவன் அந்த மருத்துவமனையின் சரித்திரத்தில் நான் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். சுவரில் சிரித்த அந்த நாலு பேரைப் பார்த்து நானும் கொஞ்சம் சிரித்தேன். அதே டாக்டர், அதே தாதி.

"பாக்சிக்! தைப்பூசம் அடுத்த வாரம்தானே?"

"வலி தாங்கல டாக்டர். இன்னிக்கே எடுத்துடுங்க."

டாக்டர் வாயைப் பார்த்தார். பிறகு மிகவும் அன்பாக மறுத்துவிட்டார்.

"இவ்வளவு நாள் நோன்பு இருந்துட்டு, கடைசி அஞ்சு நாளுல கெடுத்துக்கலாமா பாக்சிக்? ரத்தம் வரக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. வேற மாத்திர தரேன். பொறுமையா இருங்க. பொறுமைக்குத்தான் கூலி."

"பரவால்ல டாக்டர். சாமி ஒண்ணும் சொல்லாது."

"நான் பண்ணா எனக்குப் பாவம், பாக்சிக்" என்றார் அவர்.

தாதியும் தலையை ஆட்டினாள். "கன்னத்துலயே குத்திக்கப் போறவரு. இந்த வலியெல்லாம் உங்களுக்கு எந்த மூலைக்கு?"

நான் அந்த நாற்காலியில் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்தேன். வெளியே போனால் நாக்கில் வேல். இங்கேயே இருந்தால் ஊசி. ஊசி போடவேண்டியவரோ போடமாட்டேன் என்கிறார், அதுவும் நான் சொன்ன பொய்யை என்னைவிட அதிகமாக மதித்து. ஆம் என்று தலையாட்டியே இத்தனை தூரம் வந்துவிட்டேன். இனி ஆடுவதற்குத் தலையில் இடம் இல்லை.

"டாக்டர், நான் சாமிக்காகப் புவாசா இல்ல" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "எனக்கு ஊசின்னா பயம். அன்னிக்கு அதுக்காகத்தான் சொன்னேன். அப்புறம் நெசமாவே சைவம்தான் சாப்பிட்டேன், என் சம்சாரம் வேற ஒண்ணும் போடல. இப்போ நாக்குல குத்தப் போறாங்க. அதுக்கு இன்னும் பயம்."

 தாதி திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றாள், அவள் தோள் மட்டும் குலுங்கியது. டாக்டர் முகமூடியைக் கீழே இறக்கினார். அப்போதுதான் அவர் முகத்தை முதல்முறையாகப் பார்த்தேன்.

"பாக்சிக், யார்கிட்டயும் சொல்லாதீங்க. எனக்கும் ஒரு கடைவாய்ப் பல்லு புடுங்கணும். ரெண்டு வருஷமா தள்ளிப்போட்டுட்டு வரேன். கூட வேல செய்ற டாக்டருங்க கேட்டா, இன்னிக்கு நெறைய பேஷண்ட்னு சொல்லிடுவேன்."

பயந்தவன் நான் ஒருவன்தான் என்று இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஊசி வைத்திருப்பவருக்கே ஊசி பயமாக இருக்கிறது என்று கேட்டபோது எனக்கு ஏனோ தெம்பு வந்தது. நியாயப்படி பயம் அதிகமாகியிருக்க வேண்டும்.

"கைப்பை எதாச்சும் இருக்கா, டாக்டர்?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. தாதிக்குப் புரிந்தது. துடைக்கும் துணி ஒன்றைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

ஊசி வலித்தது. வலிக்கவில்லை என்று எழுதினால் அது இன்னொரு பொய். ஆனால் வலித்த நேரம் கொஞ்சம்தான். பிறகு பாதி முகம் எனக்குச் சொந்தமில்லாமல் போனது. மிளகாய்க் காம்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம், ஒரு இழுப்பு. தட்டில் டக்கென்று ஏதோ விழுந்தது. இத்தனை பேரை ஆட்டிவைத்தது ஒரு புளியங்கொட்டை அளவுதான் இருந்தது.

"பக்கத்துப் பல்லும் சொத்தையாப் போயிடுச்சி பாக்சிக்" என்றார் டாக்டர், முகமூடியைப் போட்டுக்கொண்டு. "அதையும் எடுக்கணும். புண்ணு ஆறட்டும். மார்ச்ல முதல் திங்கட்கிழம வாங்க."

வாய் நிறையப் பஞ்சோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி அன்று வேலைக்குப் போகவில்லை. வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். என் கன்னத்தையும் பஞ்சையும் பார்த்தாள்.

"புடுங்கியாச்சா?"

தலையாட்டினேன். பஞ்சு இருந்ததால் அதற்கு மேல் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"இவ்ளோ நாளாச்சா அதுக்கு?" என்றாள். உள்ளே போய்த் தன் பழைய கைப்பையை எடுத்து வந்து காட்டினாள். வார் ஒரு பக்கம் பிய்ந்து தொங்கியது. "அன்னிக்கு அந்த ரூம்ல பண்ணது. பயம் இல்லாத மனுஷன் இப்படியா புடிப்பாரு?"

நான் அந்த வாரைத் தொட்டுப் பார்த்தேன். 

"தம்பிகிட்ட நேத்து ராத்திரியே சொல்லிட்டேன், பால்குடம்தான்னு. நாக்குல குத்துறதுக்கெல்லாம் நான் விட்டுருவேனா? ஆனா சாமி பேரச் சொல்லி ஆரம்பிச்சத சாமிகிட்டதான் முடிக்கணும். நீங்களா போயிப் புடுங்கிட்டு வருவீங்களான்னு பாத்தேன்."

அத்தனை வாரமும் நான் கீரை சாப்பிட்டதை அவள் எப்படிச் சிரிக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று எனக்குத் தெரியவில்லை. நேற்று இரவே சொல்லியிருந்தால் நான் இன்று மருத்துவமனைக்குப் போயிருக்க மாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

தைப்பூசத்தன்று பால்குடம் எடுத்தேன். குழுவில் மற்ற எல்லோருடைய கன்னத்திலும் வேல் இருந்தது, என் கன்னத்தில் கொஞ்சம் வீக்கம் இருந்தது. கீழ்வீட்டுச் சீன அங்கிள் சொன்னபடி தேங்காய்களோடு நின்றார். என் கன்னத்தைப் பார்த்துவிட்டு, வேலைக் குத்தி எடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று தன் மனைவியிடம் மரியாதையோடு சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு 'இல்லை' என்று சொல்ல வாய் வந்தது. இரண்டு கையும் குடத்தில் இருந்தன, உருமி வேறு காதைப் பிளந்தது. என் தலை ஆடிவிட்டது. ஆனால் படியேறும்போது, இந்தக் குடம் பொய்க்கு எடுத்தது இல்லை என்று மட்டும் சாமியிடம் சொன்னேன். அதை அவர் நம்பியிருப்பார் என்று நினைக்கிறேன்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கீழே பாசார் ரமலான் என்கிற நோன்பு மாதச் சந்தையின் கடைகளுக்குக் கூடாரம் போடும் சத்தம் கேட்கிறது. இன்று மலாய்க்காரர்களுக்கு நோன்பு தொடங்கியிருக்கிறது. நாளைக்குத்தான் எனக்கு மருத்துவமனையில் நாள் குறித்திருக்கிறார்கள், இரண்டாவது பல்லுக்கு. சற்று முன் மனைவியிடம் சொல்லிப் பார்த்தேன்.

"டாக்டரம்மா பாவம், நோன்புல இருப்பாங்க. பசியோட நின்னுக்கிட்டு எனக்குப் பல்லுப் புடுங்கணுமா? ஒரு மாசம் கழிச்சிப் போனா என்ன?"

"நோன்பு அவங்களுக்குலா. பல்லு உங்களுக்கு. காலைல எட்டு மணிக்குக் கெளம்பணும்" என்றாள்.

புதுக் கைப்பை வாங்கி வைத்திருக்கிறாள். வார் தடித்த தோல்.

ஞாயிற்றுக்கிழமை, 2 மார்ச் 2025, மாலை.